அடிக்கத் தோதாக ஒரு பந்து

போன தை மாதம் தாம்பரம் பக்கம் ஒரு கல்யாணம். முதல் பந்தி எழுந்திருக்கட்டும் என்று கை கழுவும் இடத்தருகே நின்றிருந்தோம். பக்கத்தில் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“தம்பி என்ன வேலை பார்க்கறீங்க?”

“பந்து எறியறேன் சார்.”

“பந்தியா? கேட்டரிங்கா?”

“இல்ல சார், பந்து. கிரிக்கெட் பந்து.”

“ஓ, பிளேயரா! டிவில வருவீங்களா?”

“வருவேன் சார். டாஸுக்கு முன்னாடி ரெண்டு பேர் நின்னு பேசுவாங்கல்ல, அவங்களுக்குப் பின்னால மங்கலா ஒருத்தன் கையை வீசிட்டு இருப்பான். அது நான்.”

அவர் சிரித்தார். இலை போட்டதும் என்னை மறந்துவிட்டார். இந்த வேலையைப் பற்றி யாருக்கும் இதற்கு மேல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இப்போது சேப்பாக்கத்தில் பழகும் பையன்கள் சிலர் “அண்ணா, இதையே வேலையா பண்ணலாமா?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வேலைக்கு த்ரோடவுன் என்று பெயர். மட்டையாளர் பழக வேண்டும். ஒரு நாளைக்கு அவருக்கு நூறு, இருநூறு பந்து வேண்டியிருக்கும். அணியில் இருக்கும் வேகப்பந்து வீச்சாளர்களை அதற்கு அழைக்க முடியாது; அவர்கள் வாரத்துக்கு எத்தனை பந்து போடலாம் என்பதே கணக்குப் போட்டு வைத்திருக்கும் சங்கதி. இயந்திரம் வைக்கலாமே என்பார்கள். வைக்கிறார்கள். ஆனால் இயந்திரத்துக்குத் தோள் கிடையாது. பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே தோள், மணிக்கட்டு, விரல் எல்லாவற்றையும் மட்டையாளரின் கண் படித்துவிடும். அந்தப் படிப்பு இல்லாமல் அடித்துப் பழகினால், மேட்சில் கால் ஒரு கணம் தாமதமாக நகரும். அதனால்தான் மனிதன் தேவை. பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே பந்து எறிபவர் பிட்சர்; பழக்கத்துக்கு எறிபவரை பேட்டிங் பிராக்டிஸ் பிட்சர் என்பார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெறும் கையால் எறிவதும் உண்டு, சைடுஆர்ம் வைத்து எறிவதும் உண்டு. சைடுஆர்மைப் பார்க்காதவர்களுக்கு: நீளமான பிளாஸ்டிக் அகப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் பந்து உட்கார ஒரு குழி. வெளிநாட்டில் கடற்கரையில் நாய்க்குப் பந்து வீசுவதற்கு இதே மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். கையின் நீளம் கூடுவதால், ஓடி வராமலே, நின்ற இடத்திலிருந்து 130, 140 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அதுவும் 22 கஜம் தள்ளி நின்று எறிவதில்லை. 18 கஜத்துக்கு வந்துவிடுவோம், சில சமயம் 16. கிட்டத்தில் நின்றால் 120-ல் எறிந்தாலும் மட்டையாளருக்கு அது 140 மாதிரிதான் தெரியும். புதுப் பையன்கள் முதலில் செய்கிற தப்பு இதுதான். கிட்ட நின்று முழு வேகத்தில் எறிந்து மட்டையாளரைத் திணறடித்துவிட்டு, வேடிக்கை பார்ப்பவர்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

நானும் திரும்பிப் பார்த்தவன்தான்.

திருவல்லிக்கேணிச் சந்தில் டென்னிஸ் பந்தில் தொடங்கி, லீக்கில் மூன்றாம் டிவிஷன் வரை வந்தேன். இடக்கை வேகம். வேகம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கீப்பர் ஸ்டம்புக்குக் கிட்டவே நிற்பார். பகலில் ஒரு அச்சகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மேட்ச். 2008-ல் ஐபிஎல் வந்தது. வெளியூர் அணிகள் சென்னைக்கு வரும்போது வலைப் பயிற்சியில் பந்து போட உள்ளூர்ப் பையன்களை நெட் பவுலராகக் கூப்பிடுவார்கள். எங்கள் கிளப் செயலாளர் பெயர் கொடுத்தார். இடக்கை என்பதால் மட்டும் எடுத்தார்கள். அப்போது எனக்கு 26 வயது. அதாவது, ஆட்டக்காரனாக இனி எதுவும் நடக்காது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, எனக்கு மட்டும் தெரியாத வயது.

நெட் பவுலருக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. கேட்காமல் பவுன்சர் போடக் கூடாது. மட்டையாளர் ஸ்டான்ஸ் எடுப்பதற்குள் ஓடி வரக் கூடாது. நோபால் போடக் கூடாது. நெட்டில் யார் பார்க்கிறார்கள் என்று கோட்டைத் தாண்டிக் காலை நீட்டினால், அந்த மட்டையாளருக்கு உங்கள் பந்து தப்பான தூரத்திலிருந்து வருகிறது. போன் பையில் இருக்க வேண்டும். செல்பி கேட்டவனை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கோச் இல்லை. பந்து பொறுக்கும் ஒரு மைதான ஊழியர். அவருக்குத் தெரிந்த அளவு நெட்டின் அரசியல் வேறு யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வருஷம், வெளிநாட்டு உதவிக் கோச் ஒருவர் கை வலி என்று சைடுஆர்மை என்னிடம் நீட்டினார். முதல் பந்து மட்டையாளரின் தலைக்கு மேலே போய் நெட்டின் கூரையில் மோதியது. இரண்டாவது என் காலடியிலேயே குத்தியது. சைடுஆர்மில் எல்லாமே மணிக்கட்டு எப்போது நிற்கிறது என்பதில் இருக்கிறது. கொஞ்சம் முன்னால் விட்டால் புல்டாஸ். கொஞ்சம் தாமதமாக விட்டால் ஷார்ட் பால். நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது, அதுதான் குட் லெங்த். அந்த மயிரிழையைப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. மெரினாவில் விடிகாலையில் ஒரு பழைய சைக்கிள் டயரை மணலில் படுக்க வைத்து, அதற்குள் பந்தைக் குத்த வைப்பேன். இருபதுக்கு ஒன்று விழும். பிறகு ஐந்து. பிறகு பதினைந்து. மணலில் பந்து எழும்பாது. பரவாயில்லை, எனக்கு வேண்டியது விழும் இடம்தான். இன்றைக்கும் யார் கேட்டாலும் முதலில் டயரைத்தான் சொல்வேன். வேகம் தானாக வரும். வந்த வேகத்தோடு இடம் தானாக வராது.

சைடுஆர்ம் வாங்குபவர்களுக்கு ஒன்று: குழி தேய்ந்துபோனால் பந்து தளர்ந்து சீக்கிரம் வெளியேறும். கை மாறவில்லை, ஏன் எல்லாம் புல்டாஸாகப் போகிறது என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கருவியை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதிலிருந்து இரண்டு வைத்திருக்கிறேன், புதியது ஒன்று, பழகியது ஒன்று.

அப்புறம் ஒரு தொழில்முறை அணியில் சீசனுக்கு எடுத்தார்கள். பெயர் வேண்டாம். முதல் சீசனிலேயே நான் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

மாலை மேட்ச். டாஸுக்கு அரை மணி முன்பு, தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் வந்து “அண்ணா, பத்து பால்” என்றார். வடக்கத்திக்காரர். சென்னைக்கு வந்தால் எல்லோருக்கும் எங்களைக் கூப்பிட ‘அண்ணா’ என்கிற ஒரு சொல் தெரிந்திருக்கும். அவர் முந்தைய மூன்று மேட்சில் சரியாக ஆடவில்லை. ஆறு பந்து நன்றாகப் போனது. ஏழாவதில் எனக்குள் இருந்த மூன்றாம் டிவிஷன் பவுலர் எழுந்துகொண்டான். பந்தின் தையலைச் சாய்த்து வைத்து, ஆப் ஸ்டம்புக்கு வெளியே குத்தி உள்ளே கொண்டுவந்தேன். மட்டைக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைப் பிடுங்கியது. நெட்டுக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் ஊளையிட்டார்கள். வாழ்க்கையில் நான் போட்ட ஆகச் சிறந்த பந்து அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மீதி மூன்று பந்தை ஆடாமல் கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு இரண்டாவது ஓவரில் அதே மாதிரி ஒரு பந்துக்கு, உள்ளே வராத பந்தை உள்ளே வரும் என்று நினைத்து ஆடி, ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தார்.

ராத்திரி பஸ்ஸில் பேட்டிங் கோச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கத்தவில்லை. “உனக்கு விக்கெட் வேணும்னா சொல்லு, ஏதாவது கிளப்ல சொல்லி விடறேன். இங்க உன் விக்கெட்டுக்கு யாரும் சம்பளம் குடுக்கல.” அவ்வளவுதான். கோயம்பேடு தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேட்சுக்கு இரண்டு நாள் முன்பு திணறடிக்கலாம். அவரே கேட்பார், கேட்க வேண்டும். மேட்ச் அன்று கடைசிப் பத்து பந்து அவர் மட்டையின் நடுவில் படுவதற்காக மட்டுமே எறியப்படுவது. ‘டொக்’ என்று அந்தச் சத்தம் கேட்க வேண்டும். எனக்கு இது புத்தியில் ஏறிவிட்டது, கையில் ஏற இன்னும் இரண்டு வருஷம் ஆனது. பதினைந்து வருஷம் ஒருவனை அவுட் ஆக்குவதற்கே பழகிய கை அது.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பானைப் பற்றிப் படித்தேன். அங்கே தொழில்முறை பேஸ்பாலில் ‘தகேகி தோஷு’ என்று ஒரு பதவியே இருக்கிறது. மட்டையாளர் அடித்துப் பழகுவதற்காகப் பந்து எறியும் பிட்சர். ஒவ்வொரு அணியிலும் பலர் இருப்பார்கள். பெரும்பாலும், பிட்சராக வந்து தேறாமல் போனவர்கள், அல்லது ஆட்டக் காலம் முடிந்தவர்கள். அணியின் சீருடையே போட்டுக்கொள்வார்கள், முதுகில் மூன்று இலக்க எண். அமெரிக்காவில் இந்த வேலையைப் பெரும்பாலும் கோச்சுகளே செய்துவிடுகிறார்கள். ஜப்பானில் தனித் தொழில். பிட்சர் நிற்கும் இடத்துக்கும், மட்டையாளர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். பழக்கத்தில் இவர்கள் அதைவிட முன்னால் வந்து நின்று, வேகத்தைக் குறைத்து, அடிக்கத் தோதாகப் போடுவார்கள்.

இச்சிரோ சுசுகி 1994-ல் ஜப்பானில் ஒரே சீசனில் 210 ஹிட் அடித்தார். அதற்கு முன் அங்கே எவரும் ஒரு சீசனில் 200-ஐத் தொட்டதில்லை. அந்த ஆண்டுகளில் ஓரிக்ஸ் அணியில் அவருக்குப் பந்து எறிந்தவர் ஒகுமுரா கோஜி. அவருக்கு ‘இச்சிரோவின் காதலன்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவர் ஒரு தொழில்முறை மேட்ச்கூட ஆடியதில்லை. பிற்பாடு சிறுவர் அணி ஒன்றை நடத்தினார். அதில் பழகிய ஒரு பையன் மசாஹிரோ தனாகா, பின்னாளில் அமெரிக்காவின் நியூயார்க் யாங்கீஸ் அணி வரை போனவர். இதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் காட்டினேன். “உங்களுக்கும் அந்தப் பட்டம் வரப் போகுது, பார்த்து” என்றாள்.

அமெரிக்கக் கதை ஒன்றும் எனக்குப் பிடிக்கும். 2008 ஹோம் ரன் டெர்பி, யாங்கீ ஸ்டேடியம். நம் சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன்னை யார் அதிகம் அடிப்பது என்கிற போட்டி அது. ஜோஷ் ஹாமில்டன் தனக்கு எறிய, சிறு வயதில் தனக்குப் பழக்கிய கிளே கவுன்சிலை அழைத்து வந்தார். கவுன்சிலுக்கு அப்போது 71 வயது. முதல் சுற்றில் மட்டும் 28 ஹோம் ரன். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. ஆனால் இறுதிச் சுற்றில் ஜஸ்டின் மார்னோவிடம் 5-க்கு 3 என்று தோற்றார். அந்தக் காணொளியைப் பார்க்கும் எல்லோரும் ஹாமில்டனைப் பார்ப்பார்கள். நான் பெரியவரின் கையைத்தான் பார்ப்பேன். அதே உயரம், அதே இடைவெளி, பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஒரே மூச்சு. தாளம் அது. மிருதங்கக்காரர் பாடகருக்குத் தனி ஆவர்த்தனத்திலா கைகொடுக்கிறார்? கீர்த்தனைக்குள்தான்.

கெட்ட கதைக்கு வருகிறேன்.

2016. ராத்திரிப் பயிற்சி, பனி இறங்கிவிட்டது. சேப்பாக்கத்தில் ஏழரை எட்டுக்கு மேல் புல் நனைந்துவிடும், பந்து சோப்பு மாதிரி ஆகும். நனைந்த பந்து குழியிலிருந்து முன்னதாகவே வழுக்கி வெளியேறும். அதாவது நேராக நெஞ்சு உயரத்துக்கு. எனக்கு இது தெரியும். ஆனாலும் மட்டையாளர் ‘இன்னும் ஒரு வாளி பந்து’ என்று கேட்டபோது மறுக்கவில்லை. நாலாவது பந்து வழுக்கியது. மட்டையாளர் கையைக் குறுக்கே கொண்டுவந்தார், ஆள்காட்டி விரலில் பட்டது. மூன்று மேட்ச் அவர் ஆடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அவரே தோளில் தட்டி “விடுங்க அண்ணா” என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

மறுநாள் கை விடவில்லை. அப்படித்தான் சொல்லத் தெரிகிறது. கையை வீசுகிறேன், விட வேண்டிய நொடி வருகிறது, மணிக்கட்டு நிற்க மறுக்கிறது. ஒரு பந்து நெட்டின் பக்கவாட்டில், இன்னொன்று தரையில். இதற்கு யிப்ஸ் என்று பெயர் இருக்கிறது என்று பிசியோ சொல்லித்தான் தெரியும். கோல்ப் ஆட்டக்காரர்களுக்கு வரும், பேஸ்பாலில் நிறைய. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ரிக் ஏன்கீல் என்னைப் போல இடக்கை. 21 வயதில், 2000 அக்டோபரில் ஒரு பிளேஆப் மேட்ச்சின் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச் போட்டார், அதாவது பிடிப்பவர் கைக்கே எட்டாத தாறுமாறான பந்து. பிட்சராக அவர் அதிலிருந்து முழுசாக மீளவே இல்லை. மட்டையாளராக மாறி 2007-ல் அதே அணிக்குத் திரும்பி வந்து, வந்த முதல் மேட்ச்சிலேயே ஹோம் ரன் அடித்தார். எனக்கு மாறிக்கொள்ள வேறு வேலை இல்லை. நான் மட்டை பிடித்தால் பதினொன்றாவது ஆள்.

நான் செய்தது இவ்வளவு. பத்து நாள் லீவு கேட்டேன், காரணத்தை மறைக்காமல் சொன்னேன். மறைத்திருந்தால் இன்னொருவர் விரல் போயிருக்கும். மீண்டும் மெரினா, மீண்டும் டயர். தோல் பந்து இல்லை, டென்னிஸ் பந்து. சைடுஆர்ம் இல்லை, வெறும் கை. பத்துத் தப்படி தூரம். எண்ணிக்கொண்டே எறிவேன், வாய்விட்டு: ஒண்ணு, ரெண்டு, விடு. சுண்டல் விற்கும் பையன் ஒருவன் நின்று கூடவே எண்ணுவான். வாய் எண்ணும்போது மனம் கையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. என் அனுபவத்தில் அதுதான் மருந்து. பிறகு தோல் பந்து, பிறகு அகப்பை, கடைசியாக எதிரே ஒரு ஆள். இன்றும் சில நாள் அது எட்டிப் பார்க்கும். அன்றைக்கு உதடு அசையாமல் எண்ணிக்கொள்வேன். மட்டையாளர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்பதில்லை.

இப்போது பனி இறங்கினால் மூன்று துண்டு கையில் இருக்கும், பந்தை இருபதுக்கு ஒரு தரம் மாற்றுவேன். வழுக்கினால் வேகத்தைக் குறைப்பேன். ‘போதும் சார், நாளைக்கு’ என்று சொல்லவும் பழகிவிட்டேன். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தடுப்பு வலை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பேஸ்பாலில் பழக்கம் கொடுப்பவர் முன்னால் ஒரு வலைச் சட்டம் நிற்கும். ஒரு பக்கம் உயரம், கை வரும் பக்கம் தாழ்வு. எறிந்ததும் உயரமான பக்கம் ஒதுங்கிவிடலாம். நம் ஊரில் பல இடத்தில் எங்களுக்கு எதுவும் கிடையாது. 18 கஜத்தில் நிற்கிறோம், எறிந்த வேகத்தில் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கிறது, அதே கோட்டில் ஒருவர் முழுப் பலத்தோடு அடிக்கிறார். 160 கிராம் தோல் பந்து. ஒரு தனியார் அகாடமியில் பதினாறு வயதுப் பையன் அடித்த நேர் டிரைவ் என் கணுக்காலில் பட்டு ஆறு வாரம் கட்டு. சம்பளம் ஆறு வாரமும் இல்லை. அதற்குப் பிறகு வலை இல்லாத இடத்தில் நான் எறிவதில்லை. “பெரிய பெரிய ஆளுக்கெல்லாம் போட்டவர், பயப்படறீங்களே அண்ணா” என்பார்கள். பெரிய ஆளுக்குப் போட்டதால்தான் பயம். சின்ன அகாடமியாக இருந்தால் சவுக்குக் கட்டை இரண்டு, பழைய நெட் ஒன்று, ஒரு மணி நேர வேலை. ஹெல்மெட்டும் போடுங்கள். அழகாக இருக்காது. இருக்க வேண்டாம்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், தேதி போட்டுப் பந்துக் கணக்கு. சீசன் நாளில் 250-லிருந்து 400 வரை. பத்து வருஷக் கணக்கைக் கூட்டினால் நாலு லட்சத்துக்கு மேல். சைடுஆர்மில் கைமூட்டுக்கு வலி குறைவு, தோளுக்கு அப்படி இல்லை. தோளைக் காப்பாற்றியது இடுப்பும் காலும்தான். நின்ற இடத்தில் எறிந்தாலும் முன்காலில் எடை மாற வேண்டும். கையால் மட்டும் எறிகிறவன் இரண்டு சீசன் தாங்குவான். தினமும் ரப்பர் பட்டையில் தோளின் பின்பக்கத்துக்குப் பயிற்சி, காலையில் பதினைந்து நிமிடம், பல் தேய்ப்பது மாதிரி. முப்பது பந்துக்கு ஒரு வாளி. வாளி காலியானால் அடித்தவரே நடந்து போய்ப் பொறுக்கட்டும். பெரிய ஆட்டக்காரர்கள் தயங்காமல் பொறுக்குவார்கள். நேற்று வந்தவர்கள்தான் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

காசு. இதைத்தான் பையன்கள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். ஒப்பந்தம் சீசனுக்குத்தான். அடுத்த சீசனில் கோச் மாறினால் அவர் தன் ஆளைக் கூட்டி வருவார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, என்னையும் ஒருவர் அப்படித்தான் கூட்டி வந்தார். சீசன் பணத்தைப் பன்னிரண்டு மாதமாக வகுத்துப் பார்த்த பிறகுதான் அதற்குச் சம்பளம் என்று பெயர் வையுங்கள். மீதி மாதங்களுக்கு அகாடமி வேலை, தனிப்பட்ட மட்டையாளர்களுக்கு எறிவது. காயம் பட்டால் சிகிச்சை யார் பொறுப்பு என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. மருத்துவக் காப்பீட்டைச் சொந்தமாகவும் ஒன்று எடுத்து வையுங்கள். அச்சக முதலாளியோடு இன்னும் நல்ல உறவில் இருக்கிறேன். மழைக்காலத்தில் அங்கே பைண்டிங் வேலை கிடைக்கும். அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நடராஜன் மாதிரி வரலாமே என்று கேட்கிறவர்களுக்கு. சேலம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜனை 2020 கடைசியில் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் நெட் பவுலராகத்தான் எடுத்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் காயம் பட, டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள், இரண்டு நாள் கழித்து டி20, ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகம். அதே டெஸ்டில் அறிமுகமான வாஷிங்டன் சுந்தரும், டி20 தொடர் முடிந்ததும் நெட்டில் பந்து போடுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவர்தான். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் மும்மூன்று விக்கெட். பிரிஸ்பேனின் அந்தக் காபா மைதானத்தில் இந்தியா ஜெயித்த அன்று எங்கள் தெருவில் வெடி வெடித்தது. நான் தனியாக மாடியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கென்று கேட்காதீர்கள். ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: நடராஜனை நெட் பவுலராக எடுக்கும் முன்பே அவர் ஐபிஎல்லில் யார்க்கராகப் போட்டுத் தள்ளியவர். நெட் அவருக்கு ஒரு வாசல். எனக்கு அதுவே வீடு. ஆடும் ஆசை மிச்சம் இருப்பவன் நெட் பவுலராகப் போகலாம், போக வேண்டும். சைடுஆர்மைக் கையில் எடுக்க வேண்டாம். எடுத்தால் உள்ளே இருக்கும் பவுலர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவான். அவன் சாகாவிட்டால் இந்த வேலை வராது.

இப்போது மரியாதை கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. இந்திய அணியில் ராகவேந்திரா, தயானந்த் கரானி, நுவன் செனவிரத்ன என்று மூன்று பேர் பெயர் வெளியே தெரிகிறது. நுவன் இலங்கைக்காரர், இடக்கை. அந்த ஒரு காரணத்தாலேயே எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். இடக்கை வேகத்துக்கு எதிரே நம் ஆட்கள் எப்படித் திணறுவார்கள் என்பதை 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் முகமது ஆமிர் காட்டினார் அல்லவா, ரோகித், கோலி, தவான் என்று மூன்று பேரையும் தூக்கி. 2022 டி20 உலகக் கோப்பையில், அடிலெய்டில் வங்கதேசத்தோடு ஆடியபோது மழை. ஈர மைதானத்தில் ஆட்டக்காரர்கள் வழுக்கி விழாமல் இருக்க, ராகவேந்திரா கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு எல்லைக் கோட்டைச் சுற்றி ஓடி ஓடி ஷூவின் ஆணிகளில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிவிட்டார். அவர் படம் ஊரெல்லாம் சுற்றியது. ‘எவ்வளவு பணிவு’ என்று எழுதினார்கள். பணிவெல்லாம் இல்லை. வழுக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் கையில் பிரஷ் இருந்தது.

எனக்கு 43 முடிந்துவிட்டது. இரண்டு சீசனாக அணி எதுவும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் ஓர் அகாடமியில் காலை ஆறிலிருந்து ஒன்பது. அங்கே பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், இடக்கை ஆட்டக்காரி. ஷார்ட் பால் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மூன்று மாதம் ரப்பர் பந்தில் தொடங்கி, தோளுயரத்துக்கு மேல் ஏறாமல், பத்துப் பத்தாக வேகம் கூட்டி வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை முதல் முறையாகத் தோல் பந்தை, கண்ணை விலக்காமல், புல் ஷாட் ஆடி நெட்டின் மூலையில் அறைந்தாள். டொக்.

“அண்ணா, லாஸ்ட் சிக்ஸ்” என்றாள்.

மட்டையாளர் சொல்லும் லாஸ்ட் சிக்ஸ் என்றைக்கும் ஆறோடு நின்றதில்லை. ஆறு முடிந்தது. “இன்னும் ஒரு லாஸ்ட் சிக்ஸ் அண்ணா.” வாளியில் எட்டிப் பார்த்தேன், நாலு பந்துதான் கிடந்தது.

“போய்ப் பொறுக்கிட்டு வா” என்றேன்.